நான்கு பேர் ஐந்து பேரைக் கலைப்பது எப்படி? பாஸ் ரஷ், ஸ்டண்ட்: முழுமையான வழிகாட்டி

2025 பிப்ரவரி 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த, அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீக் இறுதிப் போட்டியான 59ஆவது சூப்பர் பௌலில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணி கான்சஸ் சிட்டி சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்தியது. இடைவேளையிலேயே ஸ்கோர் 24-0. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வீசுபவர், பேட்ரிக் மஹோம்ஸ் ஆறு முறை சாக் ஆனார், பந்தை வீசும் முன்பே கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தப்பட்டார். ஈகிள்ஸின் டிஃபென்ஸை நடத்திய விக் ஃபேஞ்சியோ அன்று ஒரு தடவைகூட பிளிட்ஸ் அனுப்பவில்லை. முன்வரிசை நான்கு பேரே போதுமாக இருந்தார்கள். மற்றவர்கள் பின்னால் நின்று, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்களை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டார்கள்.

பாஸ் ரஷ் என்றால் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது: டிஃபென்ஸின் நான்கு பேர் போய், அவரைக் காக்கத் தடுக்கும் ஐந்து பேரைத் தாண்ட வேண்டும். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும், வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டும் உதவிக்கு நின்றால் ஐந்து ஏழாகிவிடும். எண்ணிக்கையில் டிஃபென்ஸ் எப்போதும் குறைவுதான். கூடுதலாக ஆள் அனுப்பினால் அது பிளிட்ஸ், அதற்கு விலையாகப் பின்னால் யாரோ ஒரு ரிசீவர் தனியாகிவிடுவார். ஆள் கூட்டாமல், போகிறவர்களே தங்களுக்குள் பாதையை மாற்றிக்கொண்டு தடுப்பவர்களைத் தடுமாற வைப்பதுதான் ஸ்டண்ட். ட்விஸ்ட், கேம் என்றும் சொல்வார்கள்.

நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், பத்து யார்டு முன்னேற வேண்டும் என்ற கணக்கு தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். முன்வரிசையில் ஆடுகிறவர்களும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் அப்படியே மைதானத்தில் செய்து பார்க்கலாம். டிவியில் பார்ப்பவர்களுக்குக் கடைசியில் தனியாகக் கொஞ்சம் இருக்கிறது.

யார், எந்தச் சந்தில்

பந்தை வைத்திருக்கும் அணியான அஃபென்ஸின் முன்வரிசை நடுவில் சென்டர். அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டேக்கிள். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள சந்து ஏ கேப். கார்டுக்கும் டேக்கிளுக்கும் நடுவே பி கேப். டேக்கிளுக்கு வெளியே சி கேப். டிஃபென்ஸில் ஓரத்தில் நிற்கும் இருவர் எண்ட், உள்ளே நிற்கும் இருவர் டிஃபென்சிவ் டேக்கிள். இரண்டு அணியிலும் டேக்கிள் இருப்பதால், டிஃபென்ஸ்காரரை இங்கே டி.டி. என்றே எழுதுகிறேன். வெறுமனே டேக்கிள் என்றால் தடுப்பவர்.

நிற்கும் இடத்துக்கு எண் உண்டு. சென்டருக்கு நேர் எதிரே நின்றால் 0. அவருடைய தோளுக்கு நேரே நின்றால் 1. கார்டின் வெளித்தோள் 3, டேக்கிளின் வெளித்தோள் 5. அதையும் தாண்டி அகலமாக நின்றால் 9. வழக்கமான நான்கு பேர் வரிசையில் ஒரு டி.டி. 3-இல் நிற்பார், இன்னொருவர் 1-இல் நிற்பார், இவர்தான் நோஸ். இப்போதைக்கு இது போதும்.

ஸ்டண்ட்டுக்கு முன்னால் தனியாக ஜெயிக்கப் பழகுங்கள்

நேராகப் போய் ஜெயிக்க முடியாத ஆள் ஸ்டண்ட்டிலும் ஜெயிக்க மாட்டார். எதிரே நிற்கும் டேக்கிளுக்கு எண்டின் வேகத்தைப் பார்த்து பயம் இருந்தால்தான் அவர் அவசரமாகப் பின்வாங்குவார். அந்த அவசரம்தான் ஸ்டண்ட்டின் மூலதனம். பயமே இல்லாத டேக்கிள் நிதானமாக நின்று, வருகிறவர்களை ஒவ்வொருவராகக் கவனித்துக்கொள்வார். எத்தனை குறுக்குப் பாதை போட்டாலும் அவரிடம் பலிக்காது.

முதல் விஷயம் கிளம்புவது. காது அல்ல, கண்தான் வேலை செய்ய வேண்டும். குவார்ட்டர்பேக் கத்துவது உங்களை ஏமாற்றத்தான். பந்து அசைந்ததும் கிளம்புங்கள். கை தரையில், இடுப்பு தலையைவிடச் சற்று மேலே, எடை முன்னங்காலில். முதல் அடி முன்னோக்கி விழ வேண்டும். பலர் முதல் அடியில் நிமிர்ந்துவிடுகிறார்கள், அல்லது அதே இடத்தில் காலைத் தூக்கி வைக்கிறார்கள். அப்படி வைத்தால் அரை யார்டு அங்கேயே போய்விடும். அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டினால் அபராதமாக 5 யார்டு போய்விடும்.

கிளம்புவதற்கு முன் எதிரே இருப்பவரின் கையைப் பாருங்கள். தரையில் ஊன்றிய விரல்கள் அழுந்தி, கணுக்கள் வெளிறி, தோள் முன்னால் சாய்ந்திருந்தால் அவர் ஓட்டத்துக்கு முன்னே பாயப் போகிறார். விரல் நுனி மட்டும் புல்லைத் தொட்டபடி எடை குதிகாலில் இருந்தால் பின்வாங்கப் போகிறார், அதாவது பாஸ். எல்லோரும் இப்படிக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். ஆனால் களைத்துப்போன நான்காவது குவார்ட்டரில் காட்டிக்கொடுப்பவர்கள் நிறைய. ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், ஹெல்மெட்டைப் பாருங்கள். அது மேலே எழுந்தால் பாஸ், தாழ்ந்து முன்னே வந்தால் ஓட்டம்.

அடுத்தது கை. தடுப்பவரின் கை உங்கள் நெஞ்சில் பதிந்துவிட்டால் நீங்கள் அவருடைய ஆள். பதியும் முன் மணிக்கட்டையோ முழங்கையையோ அடித்துத் தள்ள வேண்டும். 1960களில் ராம்ஸ் அணியின் டீகன் ஜோன்ஸ் தடுப்பவரின் ஹெல்மெட்டின் பக்கவாட்டில் ஓங்கி அறைந்து தலை சுற்ற வைத்துவிட்டுப் போவார். 1977-இல் அதைத் தடை செய்துவிட்டார்கள். சாக் என்ற பெயரைப் பரப்பியவரும் அவர்தான். ஆனால் சாக்கை என்எஃப்எல் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-இல்தான், அதற்குள் அவர் ஓய்வு பெற்றிருந்தார்.

நகர்வுகள் ஏராளம். புல் ரஷ் என்பது நேராக நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளுவது. ரிப் என்பது அக்குளுக்கு அடியில் கையைச் செலுத்தி மேலே வாருவது. ஸ்விம்மில் கை அவருடைய தோளுக்கு மேலாகப் போகும். ட்வைட் ஃப்ரீனி சுழன்று பேர் வாங்கினார். ரெஜி வைட் வெளிப்பக்கம் ஓடுவது போலப் போய், டேக்கிள் அதற்குத் திரும்பிய நொடியில் உள்பக்கக் கையால் அவரை ஓரமாகத் தூக்கி எறிவார். 130 கிலோவுக்கு மேல் உள்ள ஆட்கள் பக்கவாட்டில் பறப்பதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். ஆரன் டொனால்ட் உள்ளே நின்றுகொண்டே கை வேகத்தால் 2018 சீசனில் 20.5 சாக் எடுத்தார். டி.டி. இடத்தில் அது அசுரத்தனம். பத்து நகர்வு கற்க வேண்டாம். ஒன்றை நன்றாகக் கற்றுக்கொண்டு, அதற்கு எதிரிடையாக இன்னொன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று இருந்தால் போதும்.

கடைசியாகப் பாதை. நான்கு பேருக்கும் நான்கு பாதைகள் உண்டு. ஓரத்து இருவரும் குவார்ட்டர்பேக் வெளியே தப்பாமல் பார்க்க வேண்டும், உள்ளே இருவரும் அவர் முன்னேறாமல் அமுக்க வேண்டும். ஓரத்து ஆள் வேகத்தில் குவார்ட்டர்பேக்கைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் அந்தப் பக்கம் கதவு திறந்ததாகிவிடும். லமார் ஜாக்சன் போல வேகமாக ஓடும் குவார்ட்டர்பேக்குக்கு அந்தக் கதவு ஒரு முறை திறந்தால் போதும்.

ஸ்டண்ட் எதனால் பலிக்கிறது

பேருந்துக் கதவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இறங்கப் பார்த்தால் இருவரும் மாட்டிக்கொள்வார்கள் இல்லையா? கார்டையும் டேக்கிளையும் அப்படி மாட்டவைப்பதுதான் ஸ்டண்ட்.

ஒவ்வொரு ஸ்டண்ட்டிலும் இரண்டு வேலை உண்டு. ஒருவர் முதலில் பாய்ந்து பக்கத்துச் சந்தில் புகுந்து அங்கே இருக்கும் தடுப்பாளரை இடிப்பார், இவர் பெனட்ரேட்டர். இன்னொருவர் ஒரு கணம் தாமதித்து, அவருக்குப் பின்னால் சுற்றி, காலியான சந்தில் வருவார், இவர் லூப்பர். சாக் பெரும்பாலும் லூப்பர் கணக்கில்தான் சேரும். ஆனால் என்னைக் கேட்டால் முக்கால்வாசி பாராட்டு இடித்தவருக்குப் போக வேண்டும். அவர் அரைகுறையாக இடித்தால் லூப்பர் சுற்றி வந்து நேராக ஒரு கார்டின் நெஞ்சில் மோதுவார். அதற்குச் சுற்றாமலே இருந்திருக்கலாம்.

தடுப்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. தன் ஆளையே விடாமல் துரத்துவது ஒன்று. ஆளை மாற்றிக்கொள்வது இன்னொன்று: கார்டு தன் ஆளைப் பக்கத்து டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, சுற்றி வருபவரை வாங்கிக்கொள்வார். மாற்றிக்கொள்ள வேண்டுமானால் இருவரும் ஒரே ஆழத்தில் நிற்க வேண்டும். டேக்கிள் மூன்று யார்டு பின்வாங்கியிருக்க, கார்டு ஒரே யார்டில் நின்றுவிட்டால், மாற்றிக்கொள்ள வழியே இல்லை. ஒருவர் மற்றவரின் பாதையில் நிற்கிறார். ஆகவே ஸ்டண்ட் அழைப்பதற்கு முன் நீங்கள் தேட வேண்டியது இந்த ஆழ வித்தியாசத்தைத்தான். எண்ட் வெளிப்பக்கம் வேகமாக ஓடினால் டேக்கிள் ஆழமாகப் போவார், டி.டி. கார்டை நெஞ்சோடு முட்டினால் கார்டு அங்கேயே நிற்பார். வித்தியாசம் தானாக வரவில்லையென்றால் இப்படி உண்டாக்கலாம்.

டி-ஈ ஸ்டண்ட்: உள்ளே இருப்பவர் முதலில்

கற்றுக்கொள்ள இதுதான் முதல் ஸ்டண்ட். டி.டி. 3-இல், எண்ட் 5-இலோ இன்னும் சற்று வெளியிலோ.

முதல் படி டி.டி.யுடையது. ஸ்னாப்பில் வெளிப்பக்கக் கால் முன்னோக்கியும் சற்று வெளியேயும் விழ வேண்டும். பக்கவாட்டில் நகர்ந்தால் கார்டு உடனே கண்டுபிடித்துவிடுவார். இலக்கு டேக்கிளின் உள்பக்க இடுப்பு. பி கேப்பைக் கிழித்துக்கொண்டு போகும்போது உள்பக்கக் கையால் கார்டின் கையை அடித்து விலக்குங்கள். கார்டு உங்களைத் துரத்தித் தோளைத் திருப்ப வேண்டும். அவர் தோள் ஓரக் கோட்டைப் பார்த்துத் திரும்பிய கணத்தில் அவருக்கு உள்பக்கம் காலி.

டேக்கிளின் உள்தோளில் மோதியதும் நின்றுவிடாதீர்கள். பலரும் இங்கேதான் சொதப்புகிறார்கள்: 'இடிச்சாச்சு, என் வேலை முடிஞ்சது' என்று கால்களை நிறுத்திவிடுவார்கள். கால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். யாரும் உங்களைத் தடுக்கவில்லையென்றால் சாக் உங்களுடையது, எடுத்துக்கொள்ளுங்கள். தடுத்தால், இப்போது அந்தப் பக்க ஓரக் காவல் உங்களுடையது. வெளிப்பக்கக் கையை யாரிடமும் சிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்டின் வேலை நடிப்பு. இரண்டு மூன்று அடி முழு வேகத்தில் மேலே ஓட வேண்டும், வழக்கமான வெளிப்பக்க ஓட்டம் போலவே. கண் டேக்கிளின் வெளித்தோளில் இருக்கட்டும், உள்ளே பார்த்தால் கதை முடிந்தது. டேக்கிள் பின்வாங்கி எடையை வெளியே கொண்டுபோனதும் வெளிக்காலை ஊன்றித் திரும்புங்கள். டி.டி.யின் இடுப்பை உரசிக்கொண்டு வர வேண்டும். இடையில் ஒரு ஆள் நுழையும் அளவு இடம் விட்டால் கார்டு அந்த இடத்தில் வந்து நிற்பார். திரும்பும்போது பின்னோக்கிப் போகவே கூடாது. வந்த யார்டுகளை இழக்காமல், கத்தி போல உள்ளே வெட்ட வேண்டும்.

கார்டு ஏமாறாமல் காத்திருந்தால்? அப்போது எண்ட் ஓடி வருகிற வேகத்தோடு, நிலையாக நிற்கும் கார்டைத் தனியாகச் சந்திக்கிறார். அவருடைய உள்தோளைத் தேர்ந்து ரிப் செய்யுங்கள். மோசமான நிலைமை அல்ல.

நேரம்தான் எல்லாம். எண்ட் முந்திவிட்டால் இருவரும் ஒரே சந்தில் மோதிக்கொள்வார்கள். பிந்திவிட்டால் பந்து போய்விடும். என்எஃப்எல்லில் பந்து சராசரியாக இரண்டரையிலிருந்து மூன்று விநாடிக்குள் கையை விட்டுப் போய்விடுகிறது.

ஈ-டி ஸ்டண்ட்: ஓரத்தவர் முதலில்

இதில் வேலை தலைகீழ். எண்ட் உள்ளே பாய்கிறார், டி.டி. வெளியே சுற்றுகிறார். டேக்கிள் வெளிப்பக்க ஓட்டத்துக்குப் பயந்து அகலமாகத் திறக்கத் தொடங்கிவிட்டால் இதை அழைக்கலாம்.

எண்ட் முதலில் ஓர் அடி வெளியே வைத்து டேக்கிளின் எடையை அங்கே இழுத்துவிட்டு, அடுத்த அடியில் அவர் முகத்துக்கு முன்னால் குறுக்கே வெட்டி பி கேப்புக்குள் புக வேண்டும். இலக்கு கார்டின் வெளி இடுப்பு. அந்த நேரத்தில் டி.டி. ஒரு அடி முன்னே போய்க் கார்டின் நெஞ்சில் இரண்டு கையையும் வைக்கிறார். கார்டின் கண் அவர் மேலேயே இருக்க வேண்டும், பக்கத்திலிருந்து வரும் எண்டை அவர் பார்க்கவே கூடாது. எண்ட் மோதிய கணத்தில் டி.டி. கையை எடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் வெளியே சுற்ற வேண்டும்.

கையை எடுத்துவிட்டு என்று சொன்னதைக் கவனியுங்கள். கார்டின் சட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டால் எண்டுக்கு வழி சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அது டிஃபென்சிவ் ஹோல்டிங். என்எஃப்எல்லில் எதிரணிக்கு 5 யார்டும் கூடவே புதிய ஃபர்ஸ்ட் டவுனும் போய்விடும். மூன்றாவது டவுனில் இதைவிட எரிச்சலான அபராதக் கொடி கிடையாது.

ஈ-டியின் பலவீனம் சுற்றுகிறவர். 140 கிலோ டி.டி. சுற்றி வருவதற்குள் குவார்ட்டர்பேக் அந்தப் பக்கமாகவே ஓடித் தப்பிவிடுவார். அந்தப் பக்க ஓரக் காவலும் அவரிடம்தான் இருக்கிறது. அதனால் பாஸ் உறுதியான டவுன்களில் பல அணிகள் உள்ளே இருக்கும் கனமான ஆட்களை எடுத்துவிட்டு, எண்ட் உடல்வாகு கொண்டவர்களை நிறுத்துகின்றன. இதற்குச் சிறந்த பாடம் 2008 பிப்ரவரி 3 அன்று நடந்த 42ஆவது சூப்பர் பௌல். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அந்த சீசனில் 18 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் வந்தார்கள், சீசனில் 589 புள்ளிகள் குவித்த அணி. நியூயார்க் ஜயன்ட்ஸின் டிஃபென்ஸை நடத்திய ஸ்டீவ் ஸ்பேக்னுவோலோ எண்டான ஜஸ்டின் டக்கை உள்ளே கொண்டுவந்து கார்டுகளுக்கு எதிரே நிறுத்தினார். ஓரத்தில் மைக்கேல் ஸ்ட்ரேஹன், ஓசி உமென்யோரா. கார்டுகள் பழகியது பாரத்தோடு, வேகத்தோடு அல்ல. டக் இரண்டு சாக் எடுத்தார், முதல் பாதி முடியும் தறுவாயில் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் கையிலிருந்து பந்தையும் தட்டிவிட்டார். பிரேடி ஐந்து முறை விழுந்தார். சீசனின் 16 ஆட்டங்களில் சேர்த்தே 21 முறைதான் விழுந்திருந்தார். ஸ்கோர் 17-14, பேட்ரியட்ஸின் ஒரே தோல்வி அது.

நடுவில் ஆடும் ஸ்டண்ட்டுகள்

டி-டி என்பது உள்ளே இருக்கும் இருவருக்குள் மட்டும். 3-இல் இருப்பவர் கார்டின் முகத்துக்குக் குறுக்கே ஏ கேப்பில் பாய்ந்து சென்டரை இடிப்பார், நோஸ் அவருக்குப் பின்னால் சுற்றி அவர் விட்டுப்போன சந்துக்கு வருவார். ஓரத்து அழுத்தத்துக்கு குவார்ட்டர்பேக் முன்னால் அடி வைத்துத் தப்புவது வழக்கம், டி-டி அந்த அடி வைக்கும் இடத்தையே நிரப்பிவிடுகிறது. உயரம் குறைந்த குவார்ட்டர்பேக்குகளுக்கு இது கூடுதல் தொந்தரவு, நடுவில் கைகள் எழுந்தால் அவர்களுக்கு மைதானமே தெரியாது.

மூன்று பேர் ஸ்டண்ட்டில் ஓரத்து எண்ட் இரண்டு சந்துகளைத் தாண்டி ஏ கேப் வரை வருவார், டி.டி. வெளியே போய் ஓரத்தைக் காப்பார், நோஸ் எதிர்ப்பக்கம் சாய்ந்து சென்டரை இழுத்துக்கொண்டு போவார். பார்க்க அழகாக இருக்கும், நேரம் அதிகம் பிடிக்கும். பள்ளி அளவில் இதைத் தொடவே வேண்டாம் என்பேன். ஸ்டண்ட்டுகளின் பெயர்கள் அணிக்கு அணி மாறும், ஆகவே பெயரைவிட யார் முதலில் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

எப்போது அழைப்பது, எப்போது வாயை மூடிக்கொள்வது

மூன்றாவது டவுன், ஏழு யார்டுக்கு மேல்: இதுதான் ஸ்டண்ட்டுக்கு உரிய நேரம். இரண்டு நிமிட அவசரத்திலும் சரி. ஆட்டத்தின் முதல் இரண்டு தொடர்களில் நேராகவே போய், எந்தத் தடுப்பாளர் எவ்வளவு ஆழம் போகிறார் என்று ஓரத்தில் யாராவது குறித்துக்கொள்ளட்டும். அதற்கப்புறம் அழைத்தால் குருட்டு அடியாக இருக்காது.

இரண்டாவது டவுன், நான்கு யார்டு போன்ற நேரத்தில் வேண்டாம். நீங்கள் சந்தை விட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும்போது ரன்னிங் பேக் அந்தச் சந்து வழியாகவே ஓடிவிடுவார். பாஸ் போலக் காட்டி ஓட்டத்துக்குக் கொடுக்கும் டிரா ஆட்டம் ஸ்டண்ட்டுக்காகவே செய்தது போல இருக்கும். ஸ்கிரீன் பாஸும் அப்படித்தான்: உங்களை வேண்டுமென்றே உள்ளே விட்டுவிட்டுத் தலைக்கு மேல் பந்தைக் கொடுப்பார்கள். தடுப்பவர் சந்தேகப்படும் அளவுக்குச் சுலபமாக வழிவிட்டால் நின்று ரன்னிங் பேக்கைத் தேடுங்கள். பந்து வாங்கியதும் உடனே வீசிவிடும் குவார்ட்டர்பேக்கிடமும் ஸ்டண்ட் வீண், அவரிடம் நேராகப் போய்க் கையைத் தூக்கிப் பந்தைத் தட்டுவதே மேல்.

அழைப்பு எப்படி? ஓரத்திலிருந்து பயிற்சியாளர் சொல்லலாம், அல்லது எண்டும் டி.டி.யும் தங்களுக்குள் ஒரு சொல்லிலோ முதுகில் ஒரு தட்டிலோ முடிவு செய்யலாம். ஒன்றும் செய்யப் போவதில்லை என்றாலும் அதே சொல்லை அவ்வப்போது கத்துங்கள். இல்லையென்றால் மூன்றாவது தடவைக்குள் கார்டு அதைப் பிடித்துவிடுவார்.

பின்வரிசையோடு சேர்ந்து

முன்வரிசைக்குப் பின்னால் ஆடும் லைன்பேக்கர்கள் இருவரை இரண்டு ஏ கேப்பிலும் கோட்டுக்கு அருகே நிறுத்தி மிரட்டுவது பயிற்சியாளர் மைக் ஸிம்மர் மினசோட்டா வைக்கிங்ஸில் விடாமல் செய்தது. சென்டர் ஒருவரைத்தான் பார்க்க முடியும். ஸ்னாப்பில் இருவரும் பின்வாங்கிப் போய்விடலாம், ஒருவர் மட்டும் வரலாம். கார்டுகள் உள்ளே ஒடுங்கிக்கொள்வதால் ஓரத்து எண்டுகளுக்கு உதவியில்லாத டேக்கிள் தனியாகக் கிடைப்பார். அந்த நேரத்தில் போடும் டி-ஈ மிக நன்றாக எடுபடும்.

இதன் பழைய வேர் ஸோன் பிளிட்ஸ். டிக் லெபோ 1980களில் சின்சினாட்டி பெங்கால்ஸில் அதை வளர்த்தார்: ஒரு பக்கம் லைன்பேக்கரை அனுப்பி, இன்னொரு பக்கம் முன்வரிசை ஆளையே பின்னால் பாஸ் தடுக்க அனுப்புவது. இன்று நான்கு பேரை மட்டும் அனுப்பி, அந்த நால்வர் யார் என்று கடைசி நொடி வரை சொல்லாமல் வைப்பது பல அணிகளிலும் உண்டு.

அவர்கள் என்ன செய்வார்கள்

நன்கு பழகிய கார்டும் டேக்கிளும் தோளோடு தோள் ஒரே ஆழத்தில் பின்வாங்குவார்கள். இடிப்பவர் வந்ததும் அவரைப் பக்கத்து ஆளிடம் தள்ளிக் கொடுத்துவிட்டு, கண்ணை உடனே உள்ளே திருப்பி லூப்பரைத் தேடுவார்கள். இது சேர்ந்து ஆடியே வர வேண்டிய பழக்கம். 2021 பிப்ரவரியில் 55ஆவது சூப்பர் பௌலுக்கு சீஃப்ஸ் தங்கள் வழக்கமான இரண்டு டேக்கிள்களும் இல்லாமல் வந்தார்கள், வரிசையில் ஆட்களை இடம் மாற்றி நிறுத்த வேண்டியிருந்தது. டாம்பா பே பக்கனீர்ஸின் டிஃபென்ஸை நடத்திய டாட் பௌல்ஸ் வழக்கமாக பிளிட்ஸ் பிரியர். அன்று அதை மிகவும் குறைத்துக்கொண்டு முன்வரிசையை நம்பினார். மஹோம்ஸ் 29 முறை அழுத்தத்துக்கு ஆளானார், சீஃப்ஸ் ஒரு டச்டவுன்கூடப் போடாமல் 31-9 என்று தோற்றார்கள். எதிரணியில் காயத்தால் யாராவது புதிதாக நுழைந்திருந்தால் அந்தப் பக்கத்து ஜோடியை ஸ்டண்ட்டால் சோதிக்காமல் விடாதீர்கள்.

ரன்னிங் பேக் வெளியே போகும் வழியில் எண்டின் விலாவில் ஒரு இடி கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. ஈ-டியில் உள்ளே பாயும் எண்ட் இந்த இடியிலிருந்து தப்பிவிடுகிறார், அதுவும் ஒரு லாபம்.

பயிற்சி

முதல் வாரம் ஓடவே வேண்டாம். ஐந்து குப்பைத்தொட்டிகளைத் தடுப்பாளர்கள் போல வரிசையாக வையுங்கள், இருவரும் நடந்து பழகட்டும். கால் எங்கே விழுகிறது, இடுப்பு எவ்வளவு ஒட்டி வருகிறது என்று மட்டும் பாருங்கள். சுற்றுபவர் கையை நீட்டினால் இடிப்பவரின் இடுப்பைத் தொட முடிய வேண்டும். அப்புறம் பாதி வேகம். பந்தை ஒரு குச்சியின் நுனியில் கட்டி, பயிற்சியாளர் அதை அசைத்ததும் கிளம்ப வேண்டும், நடுவில் வெறுமனே கத்தி ஏமாற்றிப் பார்க்க வேண்டும்.

பிறகு உண்மையான கார்டையும் டேக்கிளையும் எதிரே நிறுத்துங்கள். ஸ்டண்ட் வருமா நேராக வருமா என்று அவர்களுக்குச் சொல்லாதீர்கள். இங்கே ஒன்றைக் கட்டாயமாக்குங்கள்: மூன்றில் ஒரு முறை குவார்ட்டர்பேக் வேடத்தில் நிற்பவர் வெளியே ஓடித் தப்பப் பார்க்க வேண்டும். ஓரக் காவலை மறந்த ஆள் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

சிறுவர்களுக்கு இடிப்பது என்றாலே தலையைத் தாழ்த்துவது என்று ஆகிவிடுகிறது. இடி தோளாலும் கையாலும்தான், முகம் மேலே, கண் திறந்திருக்க வேண்டும். தலையால் மோதும் பையனை அந்த நாள் முழுக்க உட்காரவைப்பதில் தவறே இல்லை.

குவார்ட்டர்பேக்கை அடைந்த பிறகும் வேலை இருக்கிறது. பந்து கையை விட்டுப் போய்விட்டால் இடிக்கக் கூடாது, தலையிலும் முழங்காலிலும் அடிக்கக் கூடாது, முழு உடல் எடையோடு அவர் மேல் விழக் கூடாது. மீறினால் 15 யார்டு, கூடவே ஃபர்ஸ்ட் டவுன். கடைசி இரண்டு அடியில் வேகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஒரு கையைப் பந்தின் மேல் வெட்டுவதுபோல இறக்கப் பழகுங்கள். சாக்கைவிடப் பந்து தட்டிப்போவது மேல்.

டிவியிலும் பதிவிலும் பார்ப்பது

பாஸ் ஆட்டத்தில் நம் கண் பந்தைத் துரத்தும். மூன்றாவது டவுனில் ஒரு முறை வேண்டுமென்றே பந்தை விட்டுவிட்டு ஒரு கார்டின் ஹெல்மெட்டை மட்டும் பாருங்கள். அது வெளியே திரும்பி, சட்டென்று உள்ளே திரும்பி, மறுபடி வெளியே போனால் அங்கே ஒரு ஸ்டண்ட் ஓடுகிறது. இரண்டு திருப்பத்துக்கும் நடுவே உள்ள தயக்கம்தான் லூப்பருக்குக் கிடைத்த வழி. கோல்போஸ்ட் பக்கத்திலிருந்து எடுத்த மறுஒளிபரப்பு காட்டினால் தவறவிடாதீர்கள், பக்கவாட்டுக் கோணத்தில் தெரியாதது அதில் பளிச்சென்று தெரியும்.

பயிற்சியாளராக இருந்தால் ஆட்டம் முடிந்ததும் பதிவில் ஒவ்வொரு ஸ்டண்ட்டுக்கும் இருவருக்கும் தனித்தனி மதிப்பெண் போடுங்கள். இடித்தவருக்கு ஒரே கேள்வி: பக்கத்துத் தடுப்பாளரின் தோளைத் திருப்பினாரா? சுற்றியவருக்கு இரண்டு: இடுப்பை உரசி வந்தாரா, யார்டு இழந்தாரா? சாக் விழுந்ததா இல்லையா என்பதை அந்தத் தாளில் எழுத வேண்டாம், அதை ஸ்கோர்கார்டுக்காரர்கள் எழுதிக்கொள்வார்கள்.